பதவியை வாசலில் விடச் சொன்ன வீடு: பொப்பரிங்கேயின் டால்பட் இல்லம்

பெல்ஜியத்தின் மேற்குக் கோடியில், பிரெஞ்சு எல்லையை ஒட்டினாற்போல் இருக்கும் பொப்பரிங்கே என்ற சிற்றூரில் டால்பட் இல்லம் என்றொரு பழைய வீடு இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வீரர்கள் இளைப்பாறிய அந்த வீடு இன்று அருங்காட்சியகமாகவும் தங்கும் விடுதியாகவும் ஒருசேர இயங்கி வருகிறது. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகளையும் சீருடைகளையும் வரிசையாகப் பார்த்துச் சலித்தவர்கள் தவறாமல் போக வேண்டிய இடம் இது. ஆனால் இந்த வீட்டை மட்டும் பார்த்துவிட்டு ரயிலேறுகிறவர்கள் பாதிக் கதையோடுதான் ஊர் திரும்புவார்கள். மறுபாதி சில நிமிட நடைத் தொலைவில், நகர மன்றக் கட்டடத்தின் முற்றத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், பதுங்குகுழிகளில் இருந்த அதிகாரிகள் எதற்கு அஞ்சினார்கள், ஒருவரோடொருவர் எதற்காகப் போட்டியிட்டார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்குகிறது. ஆகவே இந்த மதிப்புரையும் இரண்டையும் பற்றியது.

பெல்ஜியத்தின் பெரும்பகுதி ஜெர்மானியர் வசமான பிறகும் பொப்பரிங்கே நேச நாட்டுப் படைகளின் கையிலேயே இருந்தது. கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் ஈப்பர் நகரம். அதைச் சுற்றி மூன்று பக்கமும் எதிரி. முன்வரிசைக்குப் போகிறவர்களும், அங்கிருந்து உயிரோடு திரும்புகிறவர்களும், விடுப்பு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களும் இந்த ஊரின் வழியாகத்தான் போய்வந்தார்கள். ஊரில் மது விடுதிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் அங்கேயும் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். சிப்பாய்கள் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்ட கடைகள் வேறு. அதிகாரிகள் மட்டும் நுழைந்த உணவகங்கள் வேறு. அதிகாரிகளின் உணவகம் ஒன்றில் பரிமாறிய, ஜிஞ்சர் என்று செல்லப்பெயர் பெற்ற செம்பட்டை முடிப் பெண்ணுக்கு ஊர்ச் சதுக்கத்தில் இன்று ஒரு சிலைகூட இருக்கிறது. பகலெல்லாம் ஒரே சேற்றில் நின்றவர்கள் மாலையில் ஒரே மேசையில் உட்கார முடியாது என்பதே அன்றைய விதி.

அந்த விதிக்கு விலக்காகத்தான் 1915 டிசம்பர் 11 அன்று இந்த வீடு திறக்கப்பட்டது. பீருக்குக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூக்களை விற்கும் வணிகர் ஒருவருடைய வீட்டை வாடகைக்கு எடுத்து, ராணுவப் பாதிரியார்களான நெவில் டால்பட், பிலிப் கிளேட்டன் இருவரும் இதைத் தொடங்கினார்கள். நெவிலின் தம்பி கில்பர்ட் டால்பட், அதே ஆண்டு ஜூலை 30 அன்று ஈப்பருக்கு அருகே ஹூகே என்ற இடத்தில் எதிர்த்தாக்குதலை நடத்திச் சென்றபோது கொல்லப்பட்ட இளம் லெப்டினன்ட். அவருக்கு வயது 23. வீட்டுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். சிப்பாய், அதிகாரி என்ற வேறுபாடின்றி யாரும் வரலாம், தேநீர் குடிக்கலாம், புத்தகம் எடுக்கலாம், பியானோ வாசிக்கலாம் என்பதே இதன் முதல் ஏற்பாடு. ஒரே ஒரு வேறுபாடு மட்டும் இருந்தது. படுக்கை வேண்டும் என்ற அதிகாரிகளிடம் 5 பிராங்க் வாங்கினார்கள். நள்ளிரவு தாண்டி விடுப்பு ரயிலில் வந்திறங்குகிறவருக்கு அந்தக் காசுக்குச் சூடான கோகோவும் பிஸ்கட்டும் சேர்த்துக் கிடைத்தன. பணக்காரரிடம் எடுத்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட்டின் வழி இது என்று கிளேட்டன் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்.

இன்று அருங்காட்சியகத்துக்கான நுழைவு, பின்புறத் தெருவில் உள்ள பழைய ஹாப்ஸ் கிடங்கின் வழியாக அமைந்திருக்கிறது. முதலில் காட்சிக்கூடம், பிறகு தோட்டம், பிறகு வீடு என்ற வரிசையில் நடத்திச் செல்கிறார்கள். காட்சிக்கூடம் நன்றாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஈப்பரில் உள்ள பெரிய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அதில் பாதி தெரிந்த செய்தியாகவே இருக்கும் என்பதால் அங்கே அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. நேரத்தை வீட்டுக்காக மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் சிறப்பு, அது வீடாகவே விடப்பட்டிருப்பதுதான். கயிறு கட்டித் தடுத்த அறைகள் குறைவு. உட்காரச் சொல்லி இருக்கும் நாற்காலிகள் உட்காருவதற்காகவே இருக்கின்றன. சமையலறையில் தன்னார்வலர்கள் தேநீர் தருகிறார்கள். அவர்களில் பலர் இதற்காகவே பிரிட்டனிலிருந்து முறை வைத்து வந்து தங்கி வேலை செய்கிறவர்கள். சுவர்களில் கிளேட்டன் எழுதி மாட்டிய அறிவிப்புகள் இன்றும் தொங்குகின்றன. தோட்டத்துக்குப் போகும் வழியில், உள்ளே வந்து போரை மறக்குமாறு ஒரு பலகை அழைக்கிறது. மனச்சோர்வுக்காரர்கள் வெளியேறும் வழி இது என்று இன்னொரு பலகை தெருவாசலைக் காட்டுகிறது. வீட்டில் தரைவிரிப்பின்மேல் துப்பும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இங்கேயும் அப்படியே துப்பலாம் என்று மூன்றாவது பலகை இடித்துரைக்கிறது. ராணுவத்தின் அறிவிப்புகள் அனைத்தும் கட்டளையாக இருந்த காலத்தில், சிரிக்கவைத்துக் கீழ்ப்படியச் செய்த இந்தப் பலகைகள் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது.

முதன்மையான பலகை கிளேட்டனின் அறைக்கதவில் இருந்தது. நரகத்தின் வாசலில் நம்பிக்கையைக் கைவிடச் சொல்லும், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் புகழ்பெற்ற வரியைத் திருப்பிப்போட்டு, உள்ளே வருகிறவர்கள் பதவியைக் கைவிட்டு வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். வருகிற பெரும்பாலானோர் இதைப் படித்துப் புன்னகைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். அதிகாரிகளின் கொடுமையிலிருந்து சிப்பாய்க்குக் கிடைத்த விடுதலை என்று அதற்குப் பொருள் கொள்வதும் இயல்பு. ஆனால் அந்த வாசகத்தை ஒரு இரண்டாம் லெப்டினன்டின் கண்களால் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பதவியின் சுமை அவன் தோளில்தான் மிக அதிகமாக இருந்தது.

ஒரு பட்டாளத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்றால் அதிகாரிகள் முப்பது பேர் அளவுக்குத்தான் இருப்பார்கள். ஐம்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூனை, பள்ளி முடித்துச் சில மாதப் பயிற்சி பெற்ற இருபது வயதுப் பையன் நடத்த வேண்டும். குழியிலிருந்து முதலில் ஏறவேண்டியவன் அவன். பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்த சிப்பாய்களில் சுமார் 12 விழுக்காட்டினர் இறந்தார்கள் என்றால், அதிகாரிகளில் சுமார் 17 விழுக்காட்டினர் இறந்தார்கள். சீருடையே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. பதவிச் சின்னங்கள் கைச்சட்டையின் மணிக்கட்டுப் பகுதியில் பெரிதாகத் தைக்கப்பட்டிருந்ததால் எதிரியின் குறிசுடுநர்கள் அவர்களை எளிதாக இனங்கண்டார்கள். சிலர் அந்தச் சின்னங்களைத் தோளுக்கு மாற்றித் தைத்துக்கொண்டார்கள். அறிவுள்ள எவரும் செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் அப்படி மாற்றியவர்களின் மேலங்கிக்கு, நடுங்குகிறவன் போடும் சட்டை என்ற பொருளில் சக அதிகாரிகளே பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். உயிரைக் காக்கும் ஒரு தையல் மாற்றம்கூட மற்ற அதிகாரிகளின் பார்வையில் கோழைத்தனத்தின் அடையாளமாகிவிட்டது.

இந்தப் பார்வைதான் விஷயம். நான்கைந்து அதிகாரிகள் ஒரே பாதாள அறையில் வாரக்கணக்கில் ஒன்றாக உண்டு, உறங்கி, ஒரே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடிதம் எழுதுவார்கள். யார் விஸ்கியை அதிகம் ஊற்றிக்கொள்கிறான், யாருக்குக் கை நடுங்குகிறது, யார் தலைவலி என்று சொல்லி மருத்துவ அதிகாரியிடம் அடிக்கடி போகிறான் என்பதெல்லாம் மற்ற நால்வருக்கும் தெரியும். மேலே இருப்பவன் விழுந்தால் கீழே இருப்பவனுக்குப் பதவி உயர்வு. கேப்டனுக்கும் அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் என்று 1914 டிசம்பர் இறுதியில் உருவாக்கப்பட்ட மிலிட்டரி கிராஸ் பதக்கத்தை நெஞ்சில் குத்தியவனுக்கும் குத்தாதவனுக்கும் இடையே ஒரு மௌனமான கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். போருக்கு முன்பே ராணுவத்தில் இருந்தவர்கள், போருக்காகத் தற்காலிகமாக அதிகாரிகளானவர்களை மதிக்கவில்லை; தற்காலிகமாக வந்தவர்களோ, பழையவர்களின் பிடிவாதத்தால்தான் ஆட்கள் சாகிறார்கள் என்று முணுமுணுத்தார்கள். 1916க்குப் பிறகு இரவு நேரத் திடீர்த் தாக்குதல்கள், எந்தப் பட்டாளத்துக்குத் துணிவு அதிகம் என்பதை மேலிடம் அளந்துபார்க்கும் கருவியாகவே மாறிவிட்டன. அடுத்த பட்டாளம் கைதிகளைப் பிடித்து வந்தது, நீங்கள் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வி தளபதியிடமிருந்து கர்னலுக்கும், கர்னலிடமிருந்து கேப்டனுக்கும், கேப்டனிடமிருந்து அந்த இருபது வயதுப் பையனுக்கும் இறங்கி வரும்.

இந்த அச்சத்தை மருத்துவ முறையில் முதலில் ஆழமாக எழுதியவர்களில் ஒருவர் நமக்கு அந்நியர் இல்லை. 1901-02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 1906இல் விரிவான நூல் வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்தான் அவர். போரின்போது எடின்பரோவுக்கு அருகே அதிகாரிகளுக்கென்றே 1916இல் திறக்கப்பட்ட கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். சிப்பாய்களின் மனமுறிவு பெரும்பாலும் உடலில் வெளிப்பட்டது. கை விழுந்துபோகும், பேச்சு நின்றுபோகும். அதிகாரிகளுக்கோ கெட்ட கனவும் தூக்கமின்மையும் ஓயாத பதற்றமும் வந்தன. அச்சத்தை வெளிக்காட்டக் கூடாது என்று பள்ளியிலிருந்தே பழக்கப்பட்டவர்கள், தங்களுக்குக் கீழே உள்ளவர்களின் பொறுப்பையும் சுமந்துகொண்டு, வந்த அச்சத்தை ஓயாமல் உள்ளே அழுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்த வேறுபாடு என்று ரிவர்ஸ் விளக்கினார். அழுத்தி மறக்கச் சொல்வதே நோயை முற்றச் செய்கிறது என்பது 1917 டிசம்பரில் அவர் நிகழ்த்திய உரையின் சாரம். ஊட்டிக்குப் போகிறவர்கள் ரிவர்ஸைத் தோடர்களின் ஆய்வாளராக மட்டுமே கேள்விப்பட்டிருப்பார்கள். பொப்பரிங்கேயில் அந்தப் பலகையின் முன்னே நிற்கும்போது அவருடைய பிற்கால வேலைதான் நினைவுக்கு வருகிறது. உள்ளே அழுத்திய அச்சத்தை ஒரு மாலைப்பொழுதாவது தளர்த்திக்கொள்ள, தன் பதவியும் பிறர் பதவியும் தெரியாத ஓர் இடம் அதிகாரிக்குத் தேவைப்பட்டது. கிளேட்டன் இதைக் கோட்பாடாக எழுதவில்லை. கதவில் ஒரு பலகையாக மாட்டினார்.

இனி நகர மன்றம். சதுக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்தின் பக்கவாட்டுத் தெருவில் நுழைந்தால், மரண தண்டனை விதிக்கப்பட்ட வீரர்களை அடைத்து வைத்த அறைகளையும், முற்றத்தில் சுடுவதற்கு முன்பு கட்டி வைக்கும் கம்பத்தையும் காணலாம். கட்டணம் இல்லை. அறைச் சுவர்களில் கைதிகள் கீறிய எழுத்துகள் தெரிகின்றன. இடம் மிகச் சிறியது. கால்மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் வெறும் பார்வையாளராக அந்தக் கால்மணி நேரத்தைக் கடப்பது எளிதன்று. பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் அந்தப் போரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரண தண்டனைகளை விதித்தன. அவற்றில் 346 நிறைவேற்றப்பட்டன. போர் முடிந்த பிறகும் 1919 மே 8 அன்று சீனத் தொழிலாளர் படையைச் சேர்ந்த ஒருவர் கொலைக் குற்றத்துக்காக இந்த ஊரில் சுடப்பட்டார். சுடப்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் சாதாரணச் சிப்பாய்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் மூவர் மட்டுமே. அவர்களில் ஒருவர் கொலைக் குற்றத்துக்காகச் சுடப்பட்டார்.

எஞ்சிய இருவரில் முதலாமவரின் கதை இந்த ஊரில்தான் முடிந்தது. எரிக் பூல், வெஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டின் 11ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த இரண்டாம் லெப்டினன்ட். 1916 ஜூலையில் சோம் போர்க்களத்தில் குண்டு வெடித்துச் சிதறிய மண்கட்டிகள் தாக்கி, அதிர்ச்சி நோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். அக்டோபர் 5 அன்று முன்வரிசைக்குப் போகும் வழியில் தன் பிளாட்டூனை விட்டு விலகிப்போனார். இரண்டு நாட்களுக்குப் பிறகு பிடிபட்டார். அவருடைய மனநிலை குறித்து விசாரணையில் மருத்துவச் சாட்சியம் சொல்லப்பட்டது. ஆனாலும் நவம்பர் 24 அன்று பொப்பரிங்கேயில் கூடிய ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. டிசம்பர் 10 அன்று, அதாவது டால்பட் இல்லம் தன் முதலாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடுவதற்கு முந்தைய நாள், அவர் சுடப்பட்டார். தலைமைத் தளபதி ஹெய்க், தண்டனையை உறுதி செய்தபோது தன் நாட்குறிப்பில் இரண்டு காரணங்களை எழுதினார்: இக்குற்றம் சிப்பாய் செய்வதைவிட அதிகாரி செய்யும்போது கடுமையானது, சட்டம் இரு தரப்புக்கும் ஒன்றே என்பதை எல்லோரும் உணர வேண்டும். சமத்துவத்தைப் பற்றிய இந்த வாதத்தையும், சில நூறு அடி தள்ளி ஒரு பாதிரியார் கதவில் மாட்டிய பலகையையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் வாய்ப்பு வேறெந்த ஊரிலும் கிடைக்காது.

இரண்டாமவரின் கதை இந்த ஊரில் நடக்கவில்லை என்றாலும், சகாக்களின் பகைமை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்வின் டையெட், ராயல் நேவல் டிவிஷனின் நெல்சன் பட்டாளத்தில் சப்-லெப்டினன்ட்; வயது 21. கடற்படை வீரர்களைத் தரைப்போருக்கு அனுப்பிய வினோதமான பிரிவு அது. தாடி வளர்ப்பதிலிருந்து கப்பல் பேச்சு வரை கடற்படை வழக்கங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அதன் அதிகாரிகளுக்கும், 1916 அக்டோபரில் தலைமை ஏற்ற தரைப்படைத் தளபதி ஷூட்டுக்கும் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. பதுங்குகுழிப் போருக்குத் தன் நரம்புகள் தாங்காது, தன்னைக் கப்பலுக்கு மாற்றிவிடுங்கள் என்று டையெட் ஏற்கெனவே கேட்டிருந்தார். நவம்பர் 13 அன்று ஆங்கர் ஆற்றங்கரைப் போரில், இருளும் பனியும் குழப்பமுமாக இருந்த நேரத்தில், சிதறிய ஆட்களைத் திரட்டி முன்னே கொண்டுபோய்க்கொண்டிருந்த சக இளநிலை அதிகாரி ஒருவர் தன் பின்னால் வருமாறு சொன்னபோது, தலைமையகத்துக்குப் போய் உத்தரவு கேட்டுத்தான் வருவேன் என்று டையெட் மறுத்தார். இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது என்று பிற்காலத்தில் இந்த வழக்கை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சக அதிகாரி அனுப்பிய தகவலே குற்றச்சாட்டுக்கு விதையானது. விசாரித்த நீதிமன்றமே கருணை காட்டும்படி பரிந்துரைத்தும் மேலிடம் ஏற்கவில்லை. 1917 ஜனவரி 5 அன்று டையெட் சுடப்பட்டார். ஒரே பதவியில் இருந்த இரண்டு பையன்களில் யாருடைய சொல்லுக்கு யார் கட்டுப்பட வேண்டும் என்ற சச்சரவு, அமைதிக் காலமாக இருந்திருந்தால் உணவுக்கூடத்தில் இரண்டு நாள் முகம் திருப்பிக்கொள்வதோடு முடிந்திருக்கும். பூல், டையெட் இருவருக்கும், ராணுவக் குற்றங்களுக்காகச் சுடப்பட்ட மற்றவர்களோடு சேர்த்து, மொத்தம் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ராணுவச் சட்டம் மன்னிப்பு வழங்கியது.

இளையவர்கள் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். இதே ஈப்பர் முனையில் மேல்மட்டத்தில் நடந்த போட்டி இதைவிட மோசமானது. வெளியே தெரிந்த சேதம் குறைவு, அவ்வளவுதான். 1914 ஆகஸ்டில் இரண்டாம் படைத்தொகுதியின் தளபதி திடீரென்று இறந்தபோது, பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஜான் பிரெஞ்ச் அந்த இடத்துக்குத் தளபதி பிளூமரைக் கேட்டார். போர் அமைச்சர் கிச்சனரோ, ஜான் பிரெஞ்சுக்குப் பிடிக்காத தளபதி ஸ்மித்-டோரியனை அனுப்பி வைத்தார். அடுத்த ஏப்ரல் 22 அன்று ஈப்பருக்கு வடக்கே ஜெர்மானியர் விஷவாயுவைத் திறந்துவிட்டு வரிசையை உடைத்தார்கள். 27ஆம் தேதி, பாதுகாக்க எளிதான குறுகிய வரிசைக்குப் பின்வாங்கலாம் என்று ஸ்மித்-டோரியன் ஆலோசனை சொன்னார். அதையே சாக்காக வைத்து, அங்கிருந்த படைகளின் பொறுப்பைப் பிரெஞ்ச் அவரிடமிருந்து பறித்துப் பிளூமரிடம் கொடுத்தார். பிளூமர் செய்தது என்ன? அதே பின்வாங்கலைத்தான். இந்த முறை பிரெஞ்ச் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் லூஸ் தாக்குதல் தோற்றபோது, துணைப்படைகளைத் தாமதமாக அனுப்பியது ஜான் பிரெஞ்சின் தவறு என்று லண்டனில் எடுத்துச் சொன்னவர் அவருக்குக் கீழே பணியாற்றிய ஹெய்க். 1915 டிசம்பர் 19 அன்று, டால்பட் இல்லம் திறந்து எட்டாம் நாள், பிரெஞ்சின் நாற்காலியில் ஹெய்க் அமர்ந்தார். அடுத்த ஆண்டு பூலின் தண்டனையை உறுதி செய்யலாம் என்று பரிந்துரைத்து மேலே அனுப்பியவர் பிளூமர், கையெழுத்திட்டவர் ஹெய்க். போட்டியில் வென்று வந்த இருவரின் கையிலும் ஒரு தோற்ற இளைஞனின் கோப்பு இருந்தது.

இவற்றையெல்லாம் டால்பட் இல்லத்தின் சுவர்களில் தேடினால் கிடைக்காது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. போரை மறக்கவைப்பதற்காகவே அமைத்த வீட்டில் போரின் அச்சத்தைத் தேடுவது முறையாகாது. ஆனால் பார்வையாளர் எந்த வரிசையில் பார்க்கிறார் என்பது முக்கியம். பெரும்பாலோர் வீட்டை முதலில் பார்த்து, தோட்டத்தில் உட்கார்ந்து, மகிழ்ச்சியோடு கிளம்பி, நேரம் இருந்தால் நகர மன்றத்தை எட்டிப்பார்க்கிறார்கள். இதை மாற்றிப் போடுங்கள். காலையில் முற்றத்துக்குப் போங்கள். அங்கிருந்து பூல் புதைக்கப்பட்டிருக்கும் ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே போகலாம். மற்றவர்களின் கல்லைப் போலவேதான் அவருடைய கல்லும் இருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து கதவில் உள்ள பலகையைப் படித்தால், காலையில் வேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடிய ஒன்று வேறு எடையோடு தோன்றும்.

வீட்டின் உச்சியில் இருக்கும் வழிபாட்டு மாடத்தைத் தவறவிடக் கூடாது. ஹாப்ஸ் உலர்த்திய பரண் அது. தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த தச்சு மேசையைத்தான் பலிபீடமாக வைத்தார்கள். முன்வரிசைக்குப் போவதற்கு முதல் நாள் இங்கே மண்டியிட்டவர்களில் அதிகாரிகளும் இருந்தார்கள், சிப்பாய்களும் இருந்தார்கள். மத நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இந்தப் பரண் பிடிக்கும் என்பது என் கருத்து. ஏறும் படி மிகவும் செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுவது நல்லது. தோட்டத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் நஷ்டமில்லை. வீட்டின் மிகப் பெரிய அறை என்று கிளேட்டன் அதைத்தான் சொல்வார்.

தங்குவதைப் பற்றி. அறைகள் எளிமையானவை, சுத்தமானவை. குளியலறையைப் பெரும்பாலும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். நட்சத்திர விடுதியின் வசதிகளை எதிர்பார்க்கிறவர்கள் ஈப்பரில் தங்குவதே மேல். இங்கே தங்குவதன் பயன் மாலையில்தான் தெரிகிறது. பகல்நேரப் பார்வையாளர்கள் போன பிறகு, தங்குகிறவர்கள் வரவேற்பறையில் கூடிப் பேசுகிறார்கள். தாத்தாவின் அண்ணன் எந்தப் பட்டாளத்தில் இருந்தார் என்று ஒருவர் சொல்ல, அந்தப் பட்டாளம் எங்கே நின்றது என்று இன்னொருவர் வரைபடத்தில் காட்டுவார். யார் என்ன வேலை பார்க்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பலகையின் செல்வாக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை போலும். காலை உணவு உண்டு. நவம்பர் 11ஐ ஒட்டிய நாட்களில் அறை கிடைப்பது கடினம் என்பதால் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

ரயிலில் வருகிறவர்கள் ஈப்பரைத் தாண்டிக் கடைசி நிலையத்தில் இறங்கி, ஊருக்குள் நடந்தே வந்துவிடலாம். சாப்பாட்டைப் பொறுத்தவரை, கோழியும் முயலும் கன்றுக்குட்டி இறைச்சியும் சேர்த்துக் கூழாக உறையவைத்த ஒரு பண்டத்தை இந்த ஊர் பெருமையாகப் பரிமாறுகிறது. சைவர்களுக்கு வசந்த காலத்தில் கிடைக்கும் ஹாப்ஸ் தளிர் ஒன்றே ஆறுதல், அதுவும் விலையில் சளைத்ததன்று. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வீடும் தோட்டமும் பிடிக்கும். நகர மன்ற முற்றத்துக்கு அவர்களை அழைத்துப்போக வேண்டுமா என்பதைப் பெற்றோர் யோசித்துக்கொள்ளட்டும். இரண்டு இடங்களையும் பார்க்க ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். ஓர் இரவு மட்டும் இங்கே தங்கி, இரண்டாவது இரவை ஈப்பரில் வைத்துக்கொண்டால் பயணம் சரியாக அமையும்.